முன்னால் சேர்ந்த ஒரு தாள்

ஒருவரை அவர் யார் என்று அறிவதற்கும், வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறார் என்று அறிவதற்கும் நடுவே, ஓர் உயிர் தவறி விழும் அளவுக்கு இடைவெளி இருக்க முடியுமா? சமூகப்பணி படித்த காலத்தில் இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆயுதபூசை விடுமுறை முடிந்த வாரத்தில், மதுரை வில்லாபுரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், கணினித் திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அதற்கு நான் பதில் தேட வேண்டியதாயிற்று. பதில் கிடைப்பதற்குள், செக்கானூரணிக்கு அப்பால் எங்கோ ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

நான் வேலை பார்த்தது ஒரு சிறு அறக்கட்டளையில். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு போன்ற நெடுநாள் நோய் உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பணி. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதை வாங்க வரிசையில் நிற்கும் நாளின் கூலி போய்விடும். கூலி போகும் என்பதற்காக மருந்தை நிறுத்தியவர்கள் மதுரையைச் சுற்றிலும் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் நாங்கள் இருந்தோம். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி ஒவ்வொருவருக்கும் காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று தனித்தனியாகப் பிரித்து, பழுப்பு உறையில் இட்டு, பெயரெழுதிய சீட்டை மேலே ஒட்டி அனுப்புவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட உறையைப் பிரித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பணியின் பெருமையாக நான் எல்லா இடங்களிலும் சொல்லி வந்தது இதைத்தான். அதே வாக்கியம் பிற்பாடு என்னை நடுங்க வைத்தது.

நோயாளிகளின் விவரங்கள் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில், அதாவது கணினி அட்டவணைக் கோப்பில், இருந்தன. ஆளுக்கு ஒரு தாள்; அவருடைய எண்ணே தாளின் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களின் பெயர்கள் திரையின் அடியில் எறும்பு வரிசைபோல் ஊர்ந்து செல்லும். வேண்டிய தாளைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் வலித்துவிடும். ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறையில் வந்து உட்கார்ந்து மேக்ரோ எழுதிக் கொடுத்தார். மேக்ரோ என்பது, நாம் கையால் செய்கிற வேலைகளைக் கணினியே செய்யும்படி முன்கூட்டி எழுதி வைக்கும் கட்டளைத் தொகுப்பு. அதன் பிறகு எங்கள் கோப்பின் முகப்புத் தாளில் ஒவ்வொரு நோயாளி எண்ணுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. பதினெட்டை அழுத்தினால் பதினெட்டாம் நோயாளியின் தாள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். முகப்பில் உள்ள எண்ணையும் பெயரையும் அந்தத் தாளின் தலைப்பில் தானாகவே ஒட்டிக்கொண்டு, சீட்டு அச்சாகி வெளியே வரும்.

எங்களுடைய மருந்தாளுநர் அக்காவுக்கு அந்தப் பொத்தான்கள் ஒரு வரம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், நெசவுத் தொழிலிலிருந்து மருந்துக்கடைக்கு மாறிய சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் பேசும் மொழி வேறு என்றாலும் தமிழில் அவரைக் கேலியில் வெல்ல ஆளில்லை. "முன்னாடியெல்லாம் இந்த மவுஸப் புடிச்சு இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்டையே இறங்கிருச்சும்மா. இப்ப அழுத்துனா ஆளு வந்து நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு கூட இப்புடி வந்து நின்னதில்ல" என்பார்.

விஜயதசமியன்று அலுவலகத்தைத் திறந்தோம். முந்தைய நாளே கணினிகளுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகியிருந்தது. புதிய மாதத்தின் வேலையைத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போட வேண்டும் என்றார் அக்கா. காகிதமாக இருந்தால் உச்சியில் ஓர் 'உ' எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். முகப்புத் தாளையோ, யாரும் கை வைத்து எதையும் மாற்றிவிடக் கூடாது என்று அந்தத் தன்னார்வலர் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஆகவே அக்கா, எல்லாத் தாள்களுக்கும் முன்னால் புதிதாக ஒரு தாளைச் சேர்த்தார். அதன் நடுவில் மஞ்சள் கட்டத்துக்குள் சிவப்பு நிறத்தில் பெரிய 'உ' ஒன்றைப் பதித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. பொரிகடலையைத் தின்றுகொண்டே நானும் அதை வியந்தேன். பிறகு அக்கா பொத்தான்களை அழுத்தி, மேற்கு வழித்தடத்துக்கான சீட்டுகளை அச்சிட்டு, உறைகளைக் கட்டத் தொடங்கினார்.

அந்த உறைகள் மறுநாள் வண்டியில் போயின.

அதற்கடுத்து இரண்டு நாள் கழிந்த ஒரு காலையில் தொலைபேசி அழைத்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு நோயாளியின் மகள்.

"மேடம், அப்பாவுக்கு எப்பவும் சின்னதா வெள்ள மாத்திர வருமில்ல? பழைய கவர்ல மிச்சம் இருந்துச்சு, இன்னைக்குத்தான் புதுக் கவரப் பிரிச்சேன். இதுல பெருசா மஞ்சளா இருக்கு. டாக்டரு மாத்திட்டாரா?"

"கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். தாள் திறந்தது. தலைப்பில் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. கீழே மஞ்சள் மாத்திரையின் பெயரும் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மருத்துவர் மாற்றியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ, அலமாரியிலிருந்து மருத்துவர் கைப்பட எழுதிய தாளையும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதில் வெள்ளை மாத்திரைதான் இருந்தது.

"அதக் குடுக்காதீங்க. நான் கூப்பிடுறேன்" என்று வைத்தேன்.

வேறொரு பொத்தானை அழுத்தினேன். அதுவும் மருத்துவரின் தாளோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவது முறைதான் என் பார்வை திரையின் அடிப்பகுதிக்குப் போனது. தலைப்பில் பதினெட்டு என்ற எண்ணும் அதற்குரியவரின் பெயரும். அடியில், திறந்திருக்கும் தாளின் பெயராக ஒளிர்ந்துகொண்டிருந்தது பதினேழு.

அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரம் அதிகம் இருக்காது. மேக்ரோவுக்கு நோயாளிகளைத் தெரியாது. பதினெட்டாம் பொத்தானுக்கு, முகப்பையும் சேர்த்து எண்ணிப் பத்தொன்பதாவது இடத்தில் இருக்கும் தாளைத் திற என்று மட்டுமே அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. முன்னால் ஒரு தாள் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் ஓரிடம் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். மேக்ரோ பழைய இடத்துக்கே போனது. அங்கே உரியவருக்கு முந்தைய எண்காரர் இருந்தார். ஒவ்வோர் உறையிலும் பெயர் சரியாக இருந்தது. உள்ளே இருந்தது முந்தையவரின் மருந்து. ஒன்றாம் எண் பொத்தானை யாராவது அழுத்தியிருந்தால் சீட்டுக்குப் பதில் முகப்பே அச்சாகி, அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் ஒன்றாம் எண்காரர் ஆவணி மாதமே இறந்துபோயிருந்தார். அந்தப் பொத்தானை அழுத்த யாருக்கும் தேவை இருக்கவில்லை.

அக்காவை அழைத்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி பேருலதானம்மா வச்சேன்" என்றார். அதன் பிறகு அவர் முணுமுணுத்ததெல்லாம் தமிழில் இல்லை. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் அச்சத்துக்கு அங்கே என்ன சொல் என்று அன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மற்ற வழித்தடங்களின் உறைகள் இன்னும் மாடியிலேயே இருந்தன. வெளியே போனது மேற்கு மட்டும்தான். ஆளுக்கொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு அழைக்கத் தொடங்கினோம். கவரைப் பிரிக்காதீர்கள், பிரித்திருந்தால் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டிருந்தால் என்ன செய்கிறது சொல்லுங்கள். ஒருவர் இன்னும் பிரிக்கவே இல்லை என்றார். பதினேழாம் எண்காரர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். "என்னம்மா, டிக்கெட்ட மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்று சிரித்தார். அவருக்குக் கிடைத்திருந்தது வெறும் சத்து மாத்திரை. கால் மணி நேரத்துக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டோம், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பதினெட்டாம் எண்காரர். செக்கானூரணி தாண்டிப் பிரிகிற சாலையில், கண்மாய்க் கரையோரச் சிற்றூரில் தனியாக வாழும் பெண். வயது ஐம்பது இருக்கலாம். வலிப்பு நோய்க்கு எங்களிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கைபேசி கிடையாது. கொடுத்திருந்த பக்கத்து வீட்டு எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவருடைய உறைக்குள் போயிருந்தது நடத்துநரின் மருந்து. சர்க்கரை மிக அதிகமாக உள்ள, கனத்த உடம்புள்ள ஒரு மனிதருக்காக எழுதப்பட்ட, சர்க்கரையைக் கீழே இறக்கும் மாத்திரை. அதைச் சர்க்கரை நோயே இல்லாத, மெலிந்த, காலையில் வெறும் வயிற்றோடு ஆடு மேய்க்கப் போகிற ஒருவர் விழுங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மயக்கம் வரும். மூளைக்குச் சர்க்கரை போதாமல் போனால் வலிப்பும் வரும். வலிப்பைத் தடுக்கும் மருந்தோ அவருக்கு இரண்டு நாளாக இல்லை. ஐப்பசி மழையில் கண்மாயில் தண்ணீர் ஏறியிருந்தது.

சர்க்கரை பார்க்கும் கருவியையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அக்கா பக்கத்து வீட்டு எண்ணை விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். மருத்துவருக்கும் அவரே தகவல் சொன்னார்.

எங்கள் ஓட்டுநர் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மேற்கு வழித்தடத்தில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"பயப்படாத தங்கச்சி. அந்தம்மா ஆட்ட அதட்டுனா செக்கானூரணி பஸ்ஸு நிக்கும். அம்புட்டுத் தொண்ட. அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பழங்காநத்தத்தில் சிக்னல் விழுந்தது. முன்னால் நின்ற மினி பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சந்தனக்கீற்று இன்னும் காயாத மாதிரி பளிச்சென்று இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், பிறகு நிறுத்திவிட்டார். நாகமலை வலப்பக்கம் கூடவே வந்தது. எப்போதும் அழகாகத் தெரிகிற அந்த நீண்ட பாறை, அன்று முடியாத ஒரு சுவர்போல் இருந்தது. மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. மாத்திரையை நேற்றுக் காலையும் விழுங்கியிருப்பார். இன்றும் விழுங்கியிருப்பார். இந்த மாத்திரை உடனே வேலையை முடித்துவிட்டுப் போகிற ரகம் அல்ல, நாள் முழுக்க உள்ளே இருந்து இழுக்கும். நேற்று தப்பியிருந்தால் இன்றும் தப்புவார் என்று ஒரு குரல் சொல்லியது. நேற்றையது மிச்சமிருக்க இன்றையதும் சேர்ந்திருக்கும் என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவது குரல்தான் படித்த குரல்.

அவர் வீடு பூட்டியிருந்தது. பட்டியில் ஆடுகள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அண்ணனைப் பார்த்ததும், "என்னண்ணே, முந்தாநாத்துத்தான வந்தீக, அதுக்குள்ள மறுபடியும் வண்டியப் போட்டுட்டு வந்துட்டீக?" என்றார்.

"மாத்தர மாறிப் போச்சு ஆத்தா. ஒன் போன ஏன் அமத்தி வச்சிருக்க? அந்தம்மா எங்க?"

"போனு மழையில நனஞ்சு செத்துப் போச்சுண்ணே. அதுவா? ஆடு பத்திக்கிட்டு அப்பவே போயிருச்சே." அவர் கையில் இருந்த சாம்பலை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து ஒரு கூத்து கேளு தாயி. மத்தியானம் வந்து இந்த நடையில ஒக்காந்துக்கிட்டு, 'பசி உசுரு போகுது, என்னமாச்சும் குடு'ங்குது. ஒரு குண்டாச் சோறு. நான் ஒலையில போட்டதத்தனையும் தின்னுபுட்டு, எதுத்த வீட்டுலயும் போயிக் கஞ்சி வாங்கிக் குடிச்சிருச்சு. கையெல்லாம் வெடவெடங்குது. நான் கேட்டேன், 'ஏன்டி, இந்த வயசுல மசக்கையா?'ன்னு. தெருவே சிரிச்சுச்சு."

தெருவே சிரித்த அந்தப் பசி, மருத்துவப் பாடத்தில் முதல் அறிகுறியாக எழுதப்பட்டிருப்பது. உடம்பில் சர்க்கரை இறங்கும்போது உயிர் சோறு கேட்கும். நேற்று அவரைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சோறு. இன்று அவர் இருப்பது கண்மாய்க்கு அந்தப் பக்கம். அங்கே வீடே கிடையாது.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?"

"காலையில என்னத்தச் சாப்புடும்? வரக்காப்பி குடிச்சிருக்கும்." அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. "என்ன தாயி, எதும் ஆகிப்போகுமா?"

வண்டி போகிற அளவுக்குக் கரையில் போனோம். பிறகு இறங்கி நடந்தோம். தண்ணீர் கரையின் பாதி வரை நின்றது. அதைப் பார்க்காமல் நடக்க முயன்றேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நீருக்குள் சாய்ந்திருந்த கருவேலங் கிளை ஒன்று, தூரத்தில் சேலைபோல் தெரிந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. மொபெட்டில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தவரை நிறுத்தினோம்.

"ஆடு அங்கிட்டு ஓடப் பக்கம் நின்னுச்சு மாப்ள. ஆளக் காணோம்" என்று அவர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடையை நோக்கிப் போகும்போதே கூச்சல் கேட்டது. நிலக்கடலைக் காட்டுக்குள் ஆடுகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. தலைத்துண்டை அவிழ்த்து விசிறிக்கொண்டு காட்டுக்காரர் அவற்றை விரட்டியபடி ஏசிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அண்ணன் சட்டென்று நின்றுவிட்டார். அதுவரை ஏதாவது தைரியம் சொல்லிக்கொண்டே வந்த மனிதரின் முகம் அப்போதுதான் மாறியது.

"அதோட ஆடு ஒருநாளும் அடுத்தவன் வெள்ளாமையில வாய் வைக்காது தங்கச்சி" என்றார் மெல்லிய குரலில்.

காட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க, வாங்க. நீங்களே பாருங்க இந்த லட்சணத்த. ஆட்ட அவுத்து விட்டுட்டு அங்க சாஞ்சு கெடக்கா. காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்திருக்கா போலருக்கு. ஏன்டி எங்காட்டுல விட்டேன்னு கேட்டா, வாய் கொழறுது. கண்ணு சொருகுது. பொம்பள குடிச்சா ஊரு வெளங்குமா?"

"எங்க?" என்று நான் கத்தினேன். அவர் கையைக் காட்டினார்.

ஓடை மேட்டில் வேலமரத்து அடியில் அவர் சாய்ந்திருந்தார். சேலை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. மழை மேகம் மூடிய குளிர்ந்த காலை அது. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "ரேசன் கார்டு வீட்டுல இருக்கு" என்றார் குழறலாக. விரலைக் குத்தி இரத்தத் துளியை எடுத்தேன். கருவி காட்டிய எண்ணைப் பார்த்தேன். அந்த எண்ணில் மனிதர்கள் பேச மாட்டார்கள் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

விழுங்க முடிகிறதா என்று ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார். குளுக்கோஸைக் கரைத்து, அண்ணன் தலையைத் தாங்கிக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி புகட்டினேன். எதுவும் நடக்கவில்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் வேண்டுதல் எதுவும் வரவில்லை. மேலே பதினெட்டு, கீழே பதினேழு என்று திரை மட்டும் கண்முன் நின்றது.

பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆடு?" என்றார்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "ஒன் ஆடு கடலக்காட்டுல விருந்து தின்னுக்கிட்டிருக்கு. நீ மொதல்ல இதக் குடி."

காட்டுக்காரர் அருகில் வந்து நின்றிருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "தெளிஞ்சிருச்சா?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கேள்வி எந்தப் பொருளில் கேட்கப்பட்டது என்பது அவருடைய சிமிட்டலில் இருந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றியிருக்கலாம். அந்த ஊரில் எங்களிடம் மருந்து வாங்குகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அறக்கட்டளை தவறான மாத்திரை கொடுத்தது என்று தெரிந்தால் அவர்கள் பயந்து சரியான மாத்திரையையும் நிறுத்துவார்கள். இரத்த அழுத்த மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் பக்கவாதத்தில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, உண்மையைச் சொல்வதிலும் ஆபத்து இருந்தது. சொல்லாவிட்டால், பிறருடைய ஆடுகளை வாரத்துக்கு, அதாவது ஈனும் குட்டிகளில் பாதி தனக்கு என்ற பேச்சில், மேய்த்துப் பிழைக்கிற இந்தப் பெண், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவளாக அந்த ஊரில் வாழ வேண்டும். யோசிக்க அவகாசம் இருந்த மாதிரி இப்போது எழுதுகிறேன். உண்மையில் அவகாசம் இல்லை. அவர் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

"இவங்க குடிக்கல. நாங்கதான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டோம். தப்பு எங்களோடது" என்றேன். "இந்த ஊர்ல வேற யாருக்கும் அந்த மாதிரி ஆபத்தான மாத்திரை போகல. இருந்தாலும் எல்லாக் கவரையும் இன்னைக்கே திரும்ப வாங்கிக்கிறோம்."

காட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"படிச்சவுக செய்யிற வேலையா இது?" என்றார். திரும்பிப் போய், ஏச்சை நிறுத்தாமலே, ஆடுகளை ஒவ்வொன்றாக மடக்கி ஊர்ப்பக்கம் ஓட்டத் தொடங்கினார்.

அந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும் என்பதால் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை வரை ஒவ்வொரு முறை இரத்தம் சோதிக்கும்போதும் என் அச்சம் புதிதாகத் தொடங்கியது. இரண்டு முறை இறங்கியது, இரண்டு முறை ஏற்றினார்கள். அக்கா வில்லாபுரத்திலிருந்து பேருந்து மாறி மாறி வந்து, அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார், ஆனால் கேட்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான், "கால் தேஞ்சு போகும், விடுங்க தாயி" என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேக்ரோவைத் திறந்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட அந்தத் தன்னார்வலர் தொலைபேசியில் வழி சொன்னார். இத்தனையாவது தாளைத் திற என்றிருந்த ஒரே ஒரு வரிதான் மொத்தமும். அதை, இந்தப் பெயருள்ள தாளைத் திற என்று மாற்றினேன். தாள்களை முன்னும் பின்னும் இழுத்துப் போட்டு, புதியவற்றைச் செருகி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். இப்போது எங்கே ஒளித்து வைத்தாலும் மேக்ரோ சரியான ஆளிடமே போய் நின்றது. திறந்த தாளின் பெயரும் தலைப்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் அச்சிட மறுக்கும்படியும் ஒரு வரி சேர்த்தோம். அதோடு, சீட்டை மட்டும் பார்த்து மாத்திரை எடுப்பதை நிறுத்தினோம். மருத்துவர் எழுதிய தாளை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் எடுக்கிறார். பொத்தான் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரமெல்லாம் இதில் போய்விடுகிறது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

நிர்வாகக் கூட்டத்தில், ஊரார் முன்னிலையில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அஞ்சியபடியே அந்த ஊரில் இரண்டு வீடுகள் எங்கள் மருந்தை நிறுத்திவிட்டன. ஒரு வீடு பலமுறை போய்ப் பேசியபின் திரும்பி வந்தது. இன்னொரு வீடு வரவில்லை. அந்த வீட்டு முதியவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் எனக்கு இருக்கிறது.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் உறையை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். பட்டியில் ஆடுகள் இருந்தன. ஊரில் யாரும் அவரைக் குடிகாரி என்று சொல்வதில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். ஆட்டுக்காரப் பெண் என்னை உட்காரச் சொல்லி, வரக்காப்பி கொடுத்தார். உறையை மட்டும் வாங்கவில்லை.

"ஒன்மேல கோவமில்லத்தா. இந்தக் கவரப் பாத்தாலே எனக்குக் கையி நடுங்குது. நான் பெரியாசுபத்திரியிலேயே வாங்கிக்கிறேன்."

இப்போது மாதம் ஒருநாள் அவர் பேருந்து ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நின்று மருந்து வாங்கி வருகிறார். அன்று ஆடுகள் மேய்ச்சலுக்குப் போவதில்லை.